தெரிந்த முகம்தான் பயமுறுத்துகிறது

இன்னும் இருட்டவில்லை. அப்பாவின் கல்லறையில் மலர்வளையம் வைக்க அண்ணனும் தங்கையும் வந்திருக்கிறார்கள். தூரத்தில் கோட்டு போட்ட ஒரு ஆள் தள்ளாடி நடந்துவருகிறான். அவனும் யாருக்கோ அஞ்சலி செலுத்த வந்தவன் என்றே நமக்குத் தோன்றும். பயப்படும் தங்கையை அண்ணன் சீண்டுகிறான். கிட்டே வந்த ஆள் சட்டென்று அவள்மேல் பாய்கிறான்.

ஜார்ஜ் ரொமேரோ இயக்கி 1968-இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' இப்படித்தான் தொடங்குகிறது. இன்றைய ஜாம்பி படங்களுக்கெல்லாம் மூலம் இதுதான். ஆனால் படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே வராது.

அந்தச் சொல் கரீபியத் தீவு நாடான ஹைத்தியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து மாய்ந்த மண் அது. அங்கே ஜாம்பி யாரையும் தின்னாது. மந்திரவாதி எழுப்பிவிட்ட பிணம். அவன் ஏவிய வேலையைச் செய்யும். செத்தாலாவது விடுதலை கிடைக்கும் என்று இருந்தவர்களுக்கு, செத்தும் வேலை ஓயாது என்பதைவிட வேறு என்ன பயம் வேண்டும்?

ரொமேரோ மந்திரவாதியை எடுத்துவிட்டுப் பசியை வைத்தார். கையில் காசு குறைவு. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் சாக்லேட் சிரப்பே ரத்தமானது. கோரைப் பல்லோ கொம்போ கிடையாது. வெளிறிய முகம், வெறித்த கண், அன்றாட உடை. பக்கத்து வீட்டுக்காரர் போலவே இருக்கும்.

நடையும் மெதுவானது. ஒன்று வந்தால் ஓடிவிடலாம். ஆனால் ஒன்று பத்தாகும். களைக்காது, கெஞ்சினால் கேட்காது. மெதுவாக வருவதால் வருவது யார் என்று பார்க்க நமக்கு நேரமும் கிடைத்துவிடுகிறது. கடைசியில் கதவை உடைத்துவரும் கூட்டத்தில் அந்தத் தங்கை பார்ப்பது செத்துப்போன அண்ணனை. நிலவறையில் ஒரு தாயைக் கொல்வது அவள் பெற்ற மகள். அடிக்கக் கை எழாத இடம் பார்த்தே இந்தப் படம் அடிக்கிறது.

ரொமேரோவுக்குப் பின் ஜாம்பியின் நடை மாறியது. '28 டேஸ் லேட்டர்' (2002) படத்தில் கிருமி தொற்றியவர்கள் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். 2016-இல் தமிழிலும் 'மிருதன்' என்ற ஜாம்பி படம் வந்தது. அதே ஆண்டின் தென்கொரியப் படம் 'ட்ரெயின் டு பூசான்'. அதில் கடிபட்ட அப்பா, தன் மகளைத் தானே கடித்துவிடக் கூடாதென்று ஓடும் ரயிலிலிருந்து விழுகிறார். ஜாம்பியிடம் சிக்குவதைவிட ஜாம்பியாக மாறுவதுதான் அவருக்குப் பயம். ஹைத்தியின் கரும்புத் தோட்டத்து அடிமை நடுங்கியதும் அதற்குத்தான்.