காவடிக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒரே சாலை

தைப்பூசத்துக்கு முந்தைய இரவு ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலேறி வருபவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் மஞ்சள் உடைகள் எந்தப் பக்கம் நகர்கின்றனவோ அந்தப் பக்கம்தான் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். அங்கிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடை. நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் வரிசை மறுநாள் இரவுவரை ஓயாது. பால்குடம் ஏந்தியவர், அலகு குத்தியவர், கைக்குழந்தைக்காரர், சக்கர நாற்காலியில் வரும் பாட்டி என எல்லாருக்கும் அதே சாலைதான். பக்கத்துத் தடத்தில் வண்டிகளும் ஓடும்.

சிங்கப்பூரில் இப்படியொரு நடை நடப்பதே விதிவிலக்கு. 1964 ஜூலையில் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக்கலவரத்துக்குப் பிறகு சமய நடை ஊர்வலங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி மூன்றுக்கும் விலக்கு உண்டு. விலக்கோடு நிபந்தனைகளும் கூடவே வரும்: எந்தத் தடம், எத்தனை மணி, காவடி எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம். கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முணுமுணுப்பில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

ஆனால் கூட்டம் என்பது எண்ணிக்கை மட்டுமல்ல. நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலானோர் நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சடைத்து இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் கால்கள் சொன்னபடி கேட்காது. கூட்டம் சாயும் பக்கம் உடலும் சாயும். 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சோலில், இத்தேவோன் பகுதியின் குறுகிய சரிவுச் சந்தில் சிக்கியவர்களுக்கு நேர்ந்தது அதுதான். 159 பேர் இறந்தார்கள். 1992 கும்பகோணம் மகாமக நெரிசலை மறக்காத தமிழர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

ஒரு பாதையில் எத்தனை பேர் கடக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் விளையாட்டரங்கப் படிக்கட்டில் 66 பேர் இறந்தபின் பிரிட்டன் ஒரு பாதுகாப்பு வழிகாட்டியை உருவாக்கியது. ஒரு மீட்டர் அகலச் சமதரையில் நிமிடத்துக்கு 82 பேரும் படிக்கட்டில் 66 பேரும் கடக்கலாம் என்பது அதன் உச்ச வரம்பு. அது பந்தாட்டம் பார்க்க வந்தவர்களுக்கான கணக்கு. சுற்றி ஆடி, நின்று இளைப்பாறி, உறவினர் சூழ நகரும் அலகுக் காவடிக்கு அப்படி எந்த எண்ணும் பொருந்தாது. சாலையை அகலமாக்க வழியில்லாதபோது நேரத்தைத்தான் விரிக்க முடியும். இந்து அறக்கட்டளை வாரியம் முன்பதிவு வைத்து, புறப்படும் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது அதனால்தான். பெருந்தொற்றால் 2021, 2022 ஆண்டுகளில் நடையே இல்லை. முன்பதிவு செய்தவர்கள் டேங்க் ரோடு கோயிலில் மட்டும் பால்குடம் செலுத்தினார்கள். 2023இல் நடை திரும்பியது.

மேளம் தனிக் கதை. ஊர்வலத்தில் குழுக்களுக்கிடையே நடந்த சச்சரவுகளைக் காரணம் காட்டி 1973இல் வாத்தியங்களுக்குத் தடை வந்தது. 2015இல் மேளத்தை ஒட்டித் தகராறு எழுந்து, சிலர் கைதாகி, பெரிய விவாதமாயிற்று. மறு ஆண்டு வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பின்னர் இடங்கள் கூடின. அலகு குத்தி நடப்பவரைத் தாங்குவது உறுமியின் தாளம் என்பது காவடி எடுத்தவருக்குத் தெரியும். தாளம் கேட்கும் இடத்தில் நடை நிற்கும் என்பது தொண்டூழியருக்குத் தெரியும். ஆகவே டோபி காட் திடல் மாதிரி ஒதுங்க இடமுள்ள பகுதியில் இசை இருப்பது பொருத்தம். குறுகிய வளைவில் வைத்தால் பின்னால் வருபவர்கள்மேல் அழுத்தம் ஏறும்.

இனி சக்கர நாற்காலி. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்கு முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதை வாசலுக்கு வாசல் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஊர்வலத்தை விட்டு அதில் ஏறி ஒதுங்குவது லேசல்ல. 15 செண்டிமீட்டர் விளிம்புக்குச் சரிவுப்பலகை போட வேண்டுமானால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற வழக்கமான சாய்வில் 1.8 மீட்டர் நீளம் தேவை. கைக்குக் கிடைத்த பலகையை அவசரத்துக்குச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்புறம் கவிழும்.

சாலையின் குறுக்கே கிடக்கும் ஒலிபெருக்கிக் கம்பி, தடுப்புவேலியின் நீட்டிய கால், தண்ணீர்ப் பந்தல் அருகே சிந்திய மோர். இவையெல்லாம் சக்கரத்துக்கு ஆகாதவை. வெறுங்காலில் வரும் காவடிக்காரருக்கும் ஆகாதவைதான். நெஞ்சிலும் முதுகிலும் வேல் பதித்து, தலைக்குமேல் மயில்பீலி தாங்கியவரால் குனிந்து தரையைப் பார்க்க முடியாது. ஊர்வலத்திலேயே வலுவானவராகத் தெரிபவரும் நலிந்தவராகத் தெரிபவரும் கேட்பது ஒரே சாலையை. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியைத் தனிச் செலவாகக் கணக்கெழுதும் ஏற்பாட்டாளர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மெதுவாக நகர்பவர்களைக் கடைசியில் அனுப்பும் வழக்கமும் மாற வேண்டியதே. முன்னால் விட்டால் அந்தக் குழுவின் வேகத்தை அவர்களே தீர்மானிப்பார்கள். பின்னாலிருந்து யாரும் தள்ள மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளையே மையமாகக் கொண்ட 'பர்ப்பிள் பரேட்' 2013இல் ஹோங் லிம் பூங்காவில் தொடங்கியது. அத்தகைய நிகழ்வுகளின் அனுபவத்தைக் கோயில் ஊர்வலக்காரர்கள் கேட்டறிவதில் நஷ்டமில்லை.

பாதியில் முடியாமல் போகிறவர்களையும் யோசிக்க வேண்டும். நாற்காலியில் வந்தவர் களைத்துவிட்டால் டோபி காட்டில் மின்தூக்கி ஏறி ரயில் பிடிக்கலாம். அலகுக் காவடிக்காரருக்கு மயக்கம் வந்தால் அப்படி விலக முடியாது. கொக்கிகளைப் பதற்றமில்லாமல் கழற்றப் பழகிய கைகள் வேண்டும். காவடியை இறக்கிவைக்க நாலைந்து மீட்டர் வெற்றிடம் வேண்டும். அந்த இடத்துக்கு மருத்துவ வண்டி வந்து சேர வேண்டும். முதலுதவிக் கூடாரத்தின் அளவை நிர்ணயிக்கும்போது கட்டிலை மட்டும் அளந்தால் போதாது, காவடியையும் அளக்க வேண்டும்.