கர்ணனின் கொடைக்கு எத்தனை புள்ளி?

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், நண்பர்கள் நால்வருடன் கூடத்தில் அமர்ந்து ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். பலகை இல்லை, காய்கள் இல்லை, திரையும் இல்லை. ஆளுக்கொரு தாள், பென்சில், நடுவே இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடை, அவ்வளவுதான். கதைக் களம் மகாபாரதம். முதிய அந்தணர் வேடத்தில் வந்த இந்திரன், கர்ணனிடம் கவச குண்டலங்களை யாசிக்கிறான். கர்ணனாக ஆடிய சிறுவன் தன் தாளைப் பார்த்துச் சற்றே யோசித்துவிட்டு, "தர மாட்டேன்" என்றான். கவசம் போனால் அவனுடைய தற்காப்பு எண் பாதியாகக் குறைந்துவிடுமாம்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால், அந்தப் பதில் என்னை விட்டு நீங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் பார்த்தால், அச்சிறுவன் எடுத்தது மிகச் சரியான முடிவு. ஊக்கமும் தண்டனையும் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ, மனிதர்களின் தேர்வும் அந்தப் பக்கமே சாயும். பிழை அவனிடம் இல்லை. விளையாட்டின் விதியில் இருந்தது.

பாத்திரமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தின் வலிமையும் அறிவும் எண்களாகத் தாளில் இருக்கும். புள்ளிகள் சேரச் சேரப் பாத்திரம் வளரும். தொடக்கக் கால விதிகளின்படி, எதிரியை வீழ்த்தினால் புள்ளி உண்டு. கவர்ந்து வந்த தங்க நாணயங்களும் புள்ளிகளாக மாறும். ஈட்டுவதும் வெல்லுவதுமே வளர்ச்சி என்பது அதன் அடிப்படைப் பொருளியல்.

இத்தகைய ஒரு சட்டகத்துக்குள் சமய நூல்களைக் கொண்டுவரும் முயற்சி புதிதன்று. 1980இல் வெளிவந்த அந்த விளையாட்டின் துணைநூல் ஒன்றில் கிரேக்க, எகிப்தியக் கடவுளருடன் இந்திரன், விஷ்ணு, காளி ஆகியோரும் இடம்பெற்றனர். ஒவ்வொருவருக்கும் உயிர்ப் புள்ளிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. உயிருக்கு ஓர் எண் இருந்தால், அதைப் பூஜ்யமாக்கவும் முடியும் என்பதுதானே கணக்கு! வழிபாடு நின்றுபோன தெய்வங்களையும், இன்றும் கோடிக்கணக்கானோர் விளக்கேற்றி வணங்கும் தெய்வங்களையும் அந்நூல் ஒரே தட்டில் வைத்தது. 2003இல் விவிலியக் காலத்தைக் களமாகக் கொண்ட 'டெஸ்டமென்ட்' என்ற நூலும் வந்தது.

கணினி விளையாட்டுகள் வந்த பிறகு எதிர்ப்புகளும் எழுந்தன. 2009இல் 'ஹனுமான்: பாய் வாரியர்' விளையாட்டையும், 2012இல் 'ஸ்மைட்' விளையாட்டில் காளி சித்திரிக்கப்பட்ட விதத்தையும் அமெரிக்காவில் உள்ள இந்து சமயப் பிரமுகர்கள் கண்டித்தனர். நம்பிக்கையாளர்களின் மனவருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆயினும், நம் விவாதங்கள் பெரும்பாலும் உருவத்தோடு நின்றுவிடுகின்றன. தெய்வத்தின் ஆடை எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். இந்த விளையாட்டு எதற்குப் புள்ளி தருகிறது என்று கேட்பதில்லை. மிகுந்த மரியாதையுடன் வரையப்பட்ட ஒரு கர்ணன், கொடுக்காமல் இருந்தால்தான் வெல்வான் என்றால், அந்தப் படத்தின் அழகால் பயன் என்ன?

தெய்வக் கதையை விளையாட்டாக்குவதே தகாது என்போர் பரமபத சோபான படத்தை நினைவுகூர வேண்டும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் வீடுகளில் விரிக்கப்பட்ட அந்தப் படத்தில் ஏணி நற்பண்பைக் குறிக்கும். பாம்பு தீவினையைக் குறிக்கும். கடைசிக் கட்டம் இறைவனின் திருவடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய விளையாட்டு, காலப்போக்கில் வெறும் பாம்பும் ஏணியுமாகச் சுருங்கியது. சமயம் விளையாட்டானபோது எதுவும் கெட்டுவிடவில்லை. ஏணி எதைக் குறிக்கிறது என்பது மறக்கப்பட்டபோதுதான் பொருள் போயிற்று.

வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் மனிதர்களே பாரத மாந்தர்களாகிறார்கள். அர்ச்சுனன் வேடமிட்டவர் தபசு மரம் ஏறுவதை ஊரே கைகூப்பிப் பார்க்கிறது. ஆனால், கூத்தில் முடிவு முன்பே எழுதப்பட்டது. இப்புதிய விளையாட்டில் தேர்வு ஆடுபவருடையது. கர்ணன் கொடுத்தான் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, 'நான் கொடுப்பேனா?' என்ற கேள்வியை முதன்முறையாக எதிர்கொள்கிறான். இது ஆபத்தும்தான், அரிய வாய்ப்பும்தான்.

மகாபாரதமோ இதற்கு இடம்கொடுக்காத நூல் அன்று. அதற்குள்ளேயே விதிகள் நிறைந்திருக்கின்றன. இந்திரன் தந்த சக்தி ஆயுதத்தை ஒரே ஒரு முறைதான் ஏவலாம். அர்ச்சுனனுக்காகக் காத்துவைத்திருந்ததைக் கடோத்கசன் மீது செலவிட நேர்கிறது. நாங்கள் வகுப்பறையில் 'வாய்ப்புச் செலவு' என்று சொல்வதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. தருமனின் தேர் நிலத்துக்கு நான்கு விரற்கடை மேலே செல்லும். துரோணரிடம் அவன் உரைத்த ஒரு பொய்யால் அது மண்ணைத் தொடுகிறது. அந்தத் தேர் மிதந்ததால் தருமனின் அம்புகள் கூர்மையாகிவிடவில்லை. இருந்தும், அது இறங்கியபோது நாம் பதறுகிறோம். அளக்கத் தகுந்தது எதுவென்று காப்பியத்துக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, கொடைக்கும் புள்ளி கொடுத்துவிடலாமே என்று பேரன் கேட்டான். அங்கேதான் சிக்கல். புள்ளி வரும் என்று தெரிந்து கொடுத்தால் அது கொடையாகாது; முதலீடாகிவிடும். வியாசரின் கர்ணனும் கணக்கு அறியாதவன் அல்லன். சூரியன் கனவில் வந்து எச்சரித்தும், விலையை அறிந்தே கவசத்தை அறுத்துத் தருகிறான். சக்தி ஆயுதத்தைக் கேட்டும் பெறுகிறான். உயிரைவிடப் புகழ் பெரிது என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கையும் தாண்டிச் சென்றவர் நம் வில்லிபுத்தூரார். அவருடைய பாரதத்தில், களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் அந்தணர் வேடத்தில் வரும் கண்ணன், அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாகக் கேட்கிறான். கர்ணன் தன் குருதியையே நீராக வார்த்துக் கொடுத்துவிடுகிறான். விளையாட்டின் மொழியில் சொன்னால், வாழ்நாளெல்லாம் சேர்த்த புள்ளிகள் அத்தனையையும் கொடுத்துவிடுகிறான். கைம்மாறு பெற இனிக் காலமும் இல்லை. எந்தப் பொருளியல் சூத்திரமும் அந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வருவதில்லை.

இந்தக் கதையைப் பேரனிடம் சொன்னேன். மறுநாள் ஆட்டத்தின் முடிவில், முன்னறிவிப்பின்றி ஓர் அந்தணர் வந்தார். கர்ணனின் தாளில் இருந்த புள்ளிகள் அனைத்தையும் கேட்டார். முதல் நாள் நொடியில் மறுத்த அதே சிறுவன், இம்முறை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தான். அவன் என்ன முடிவெடுத்தான் என்பது முக்கியமில்லை. அந்த மௌனம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

நம் காப்பியங்களை விளையாட்டாக்கும் இளைஞர்கள் இனியும் வருவார்கள், வரவேண்டும். அவர்களைத் தடுப்பதைவிட, அவர்களுடன் அமர்ந்து மூலக்கதையைப் பேசுவது பயன் தரும். அவர்களும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பெயர்களையும் ஆயுதங்களையும் எடுத்துக்கொள்வது எளிது. கர்ணன் ஏன் கொடுத்தான் என்ற கேள்வி ஆடுபவரின் நெஞ்சில் எழும்படி விதிகளை அமைப்பதே கடினம். அது எழாத ஆட்டத்தில் களத்துக்குக் குருக்ஷேத்திரம் என்று பெயர் வைத்தாலும், அங்கே மகாபாரதம் இராது.