உஷார்! அடுத்த தலைப்புச் செய்தியில் நம் ஊர்ப் பெண்ணின் பெயர் இருக்கலாம்

முசிறி, தொட்டியம், தா.பேட்டைப் பக்கம் பெண் பிள்ளைகளை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. உலகத் தரவரிசைக்குரிய போட்டிகளில் பெண்கள் பிரிவில் இறங்குபவர்கள், ஆண் பாலினத்தோடு தொடர்புடைய எஸ்ஆர்ஒய் என்ற மரபணுவுக்கான சோதனையை வாழ்நாளில் ஒரு முறை செய்துகொள்ள வேண்டும். கன்னத்தின் உள்பக்கத்தில் பஞ்சால் துடைத்தெடுத்தாலே போதும். அதன் முடிவு அந்தப் பெண்ணின் அந்தரங்கம். அது வெளியே கசிந்து செய்தியானால் என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்து மாவட்டம் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருக்கிறது.

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். செங்கல் சூளையில் பாடுபட்ட குடும்பத்துப் பெண். ஊர் கொண்டாடி முடிப்பதற்குள் 'பாலினச் சோதனையில் தோல்வி' என்று செய்தி வந்தது. சாந்திக்கே அது தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதிகாரிகள் அவரிடம் சொல்வதற்கு முன்பே உலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது.

அந்தச் செய்தியில் என்னென்ன விடுபட்டிருந்தன என்று பாருங்கள். பிறவியிலேயே அமைந்த உடற்கூறு வேறு, ஊசி போட்டு ஏமாற்றுவது வேறு. இரண்டையும் 'தோல்வி' என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டார்கள். எல்லாப் பெண்களுக்கும் கட்டாயப் பாலினச் சோதனை என்ற வழக்கத்தை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 1999இல் கைவிட்டிருந்தது. அதற்குக் காரணம் என்ன, அதன் அறிவியல் எவ்வளவு சிக்கலானது என்று எழுத அன்று யாருக்கும் பொறுமை இல்லை. பதக்கம் பறிபோனது. மறு ஆண்டு சாந்தி உயிரையே விடத் துணிந்தார், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். 2009இல் இதே கேள்வி தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவைச் சூழ்ந்தது. அந்த நாடு அவர் பின்னால் திரண்டு நின்றது, அவருடைய உலகப் பட்டமும் நிலைத்தது. நம் செய்திகளோ சாந்தியின் உடம்பை மட்டும் விசாரித்தன. அவரைத் தனியே நிற்க விட்டவர்களிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஏற்றிப் புகழும் செய்தியிலும் ஆபத்து உண்டு. 2019 ஏப்ரல் 22, அதே தோஹா, அதே 800 மீட்டர். நம் திருச்சி மாவட்டம் முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடி ஆசியத் தடகளத்தில் தங்கம் வென்றார். சில நாட்களுக்கு வறுமை, பஸ் வராத ஊர், ஜோடி சேராத காலணி என்பதே பேச்சாக இருந்தது. பட்ட கஷ்டம் உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் அப்போது வருமான வரித் துறை ஊழியர். 2013, 2015 ஆசியத் தடகளப் போட்டிகளில் ஏழாவது, நான்காவது இடங்களில் வந்த அனுபவசாலி. முப்பது வயதில் தன் வாழ்நாளின் சிறந்த நேரத்தை ஓடியிருந்தார். எப்படிப் பயிற்சி எடுத்தார், யார் பார்த்துக்கொண்டார்கள், என்ன சத்து மருந்து கொடுத்தார்கள் என்று ஒரு விளையாட்டுச் செய்தி கேட்டிருக்க வேண்டும். கண்ணீர்க் கதையில் அதற்கெல்லாம் இடமே இல்லாமல் போனது.

அந்த ஓட்டத்துக்கு முன், மார்ச் மாதம் பாட்டியாலாவில் கோமதியிடம் எடுத்த மாதிரியிலேயே நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்தின் தடயம் இருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. அந்த முடிவு கைக்கு வருமுன் அவரை தோஹாவுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். தடைசெய்த மருந்து எதையும் தொட்டதே இல்லை என்றார் கோமதி. 2020 ஜூனில் நான்கு ஆண்டுத் தடை அறிவிக்கப்பட்டது, தங்கமும் போனது. தடைச் செய்தியை மட்டும் படித்தவருக்கு ஒரு பெண்ணின் குற்றம் தெரிந்தது. சோதனைக்கும் முடிவுக்கும் நடுவே இருந்த ஓட்டை தெரியவில்லை. அதே ஓட்டையில் நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளை விழலாம் என்பதால்தான் எனக்குப் பதறுகிறது.

கண்ணீர்க் கதையை நம்பிப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் வீட்டில், பயிற்சியாளர் கொடுக்கும் பவுடர் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படிக்கிறார்களா? தயவுசெய்து இன்றைக்கே படியுங்கள். உடம்புக்குள் போனதற்கு வீராங்கனையே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்துச் சட்டம். 'தெரியாமல் குடித்தேன்' என்பது அங்கே எளிதில் எடுபடாது. காய்ச்சல் மாத்திரையானாலும், இருமல் மருந்தானாலும், தான் போட்டியில் ஓடுபவள் என்று டாக்டரிடம் முதலில் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள்.

செய்தி படிக்கும்போது சொற்களைக் கவனியுங்கள். 'சிக்கினார்' என்று போட்டிருந்தால், வந்திருப்பது முதல் மாதிரியின் முடிவா, இரண்டாவது மாதிரியும் பார்த்தாகிவிட்டதா? தற்காலிகத் தடையா, விசாரணை முடிந்த தடையா? அவருடைய பதில் எங்கே? சங்கத்துக்காரர்கள் பேசுகிறார்கள், பெயர் சொல்லாத அதிகாரி பேசுகிறார், ஓடியவள் மட்டும் பேசவில்லை என்றால் அந்தச் செய்தி பாதிதான் வந்திருக்கிறது.

மரபணுச் சோதனை பற்றி ஒரு பெண்ணின் பெயரோடும் படத்தோடும் எந்தத் தகவல் கைப்பேசிக்கு வந்தாலும், அது எந்தச் சேனலின் முத்திரையோடு வந்தாலும், யாருக்கும் அனுப்பாதீர்கள். பள்ளிக் குழுவில், ஊர்க் குழுவில் யாராவது போட்டால் உடனே நீக்கச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் அவள் தங்கையும் இருப்பாள்.