முயற்சியும் முடிவும்: உளவியல் கூறும் கட்டுப்பாட்டு மையம்

தனக்கு நேரும் நன்மை தீமைகளுக்குத் தன் செயலே காரணம் என்று கருதுவோர் உளர். அதிர்ஷ்டமும் பிறரது அதிகாரமுமே காரணம் என்று கருதுவோரும் உளர். இவ்விரு மனப்பாங்குகளையும் ஆராய்ந்து அளவிட முனைந்தவர் அமெரிக்க உளவியலறிஞர் ஜூலியன் ராட்டர் (1916–2014).

நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த ராட்டர், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் தந்தையாரின் தொழில் நசித்ததைக் கண்டு வளர்ந்தவர். மனிதனை உருவாக்குவதில் சூழலுக்குள்ள பங்கை அந்த அனுபவம் அவருக்கு உணர்த்திற்று. அன்றைய உளவியலில் ஒருபுறம் ஃபிராய்டின் ஆழ்மன உந்துதல் கொள்கையும் மறுபுறம் நடத்தையியலும் கோலோச்சின. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராட்டர், 1954இல் தமது சமூகக் கற்றல் கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். பலன் கிட்டும் என்ற எதிர்பார்ப்பு, அப்பலனுக்கு ஒருவர் அளிக்கும் மதிப்பு ஆகிய இரண்டுமே அவரைச் செயலில் இறங்கத் தூண்டுகின்றன. அந்த எதிர்பார்ப்போ அனுபவத்தால் கற்கப்படுவது என்பது அதன் சாரம். இதன் நீட்சியாக 1966இல், அகக் கட்டுப்பாடு, புறக் கட்டுப்பாடு என்னும் இரு நிலைகளை அளக்கும் 29 கூறுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். பிறரைப் பார்த்தே மனிதன் பெரிதும் கற்கிறான் என்பதை ஆல்பர்ட் பண்டூரா தம் ஆய்வுகளால் நிறுவினார்.

அவ்வாறாயின், கத்ரை நம்பும் முஸ்லிம் புறக் கட்டுப்பாட்டாளனா? அல்லன். மனிதனுக்குச் செயலில் பங்கே இல்லையென்ற ஜப்ரிய்யாக்களின் கூற்றையும், கத்ரை மறுத்த கதரிய்யாக்களின் கூற்றையும் அஹ்லுஸ் ஸுன்னத் அறிஞர்கள் ஒருங்கே மறுத்தனர். படைப்பவன் அல்லாஹ், செயலை ஈட்டுபவன் அடியான் என்பதே அஷ்அரி இமாம்களின் 'கஸ்பு' விளக்கம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. முயற்சி அடியானுடையது, முடிவு அல்லாஹ்வுடையது. முயற்சியைக் கைவிட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயரிடுவது பிழையாகும்.

இக்கோட்பாட்டிற்கு ஒரு சான்று வல்லத்திராக்கோட்டை அமைந்துள்ள நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களிடம் கொண்டு சென்றது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதையும், அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்ததையும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தமது 1996ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்துள்ளார். ஒருத்தி ஓட்டுவதைக் கண்டபோது, 'என்னாலும் இயலும்' என்ற எதிர்பார்ப்பு மற்றவளிடமும் பிறந்திருக்கும். எனினும் மனமாற்றம் மட்டுமே இதனைச் சாதித்துவிடவில்லை. பயிற்சி முகாம்களும், மிதிவண்டி வாங்க வங்கிக் கடனும் துணைநின்றன.

எனவே, வறியவரை நோக்கி 'எல்லாம் உன் விதி' என்பது எவ்வாறு தவறோ, அவ்வாறே வழியொன்றும் காட்டாமல் 'எல்லாம் உன் மனத்தில்தான் உள்ளது' என்பதும் தவறு. முயலுமாறு ஏவுவதோடு, முயல்வதற்கான வழியை அமைத்துத் தருவதும் சமுதாயத்தின் கடமையாகும்.