அம்பாசிடரின் பங்காளி

எழுபது, எண்பது வயதான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுக் கொட்டகையில் வைத்தே உயிர்ப்பிக்க முடியுமா? புனே போன்ற ஊரில் முடியும். எதைத் தூக்கி எறிவது, எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல்.

எம்.ஜி. என்று இரண்டு எழுத்தைச் சொன்னால் தமிழ்நாட்டில் மூன்றாவது எழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். புனே இளைஞரிடம் சொன்னால், 2019இல் குஜராத்தின் ஹாலோல் ஆலையிலிருந்து விற்பனைக்கு வந்த ஹெக்டர் காரைத்தான் நினைப்பார். அந்தப் பெயர் இப்போது சீனாவின் சைக் நிறுவனத்தின் கையில். ஆனால் கார் பித்துப் பிடித்தவர்களிடம் இதே இரண்டு எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். தாழ்வான உடம்பு, நீண்ட மூக்கு, சைக்கிளைப் போலக் கம்பிகள் கோத்த பெரிய சக்கரம், முன்கண்ணாடியைப் படுக்கவைத்துவிட்டால் முகத்தில் அறைகிற காற்று என்று ஒரு பழைய படம் அவர்கள் கண்ணில் ஓடும்.

மாரிஸ் காரேஜஸ் என்பதன் சுருக்கம்தான் எம்.ஜி. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கார் விற்பனைக் கடை அது. அதன் மேலாளர் செசில் கிம்பர் 1920களில் சாதாரண மாரிஸ் கார்களுக்கு அழகான உடம்பு கட்டி விற்க ஆரம்பித்தார். அதுவே பிறகு ஆபிங்டன் என்ற சிற்றூரில் தனி ஆலையாக வளர்ந்தது. போர் முடிந்த கையோடு 1945 அக்டோபரில் எம்.ஜி. டி.சி. வெளிவந்தது. அதைப் பார்க்கக் கிம்பர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நடந்த ரயில் விபத்தில் இறந்துபோனார். 1949 வரை சுமார் 10,000 டி.சி. கார்கள் செய்யப்பட்டன. 1250 சி.சி. எஞ்சின், 54 குதிரைத்திறன். இன்றைய சின்னக் குடும்பக் கார்கள்கூட இதைவிட அதிகம் இழுக்கும். ஆனாலும் ஓட்டியவர்கள் மறப்பதில்லை.

இந்தக் கார் அமெரிக்காவைக் கவர்ந்த கதை எல்லோரும் சொல்வது. இந்தியாவுக்கு வந்த கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. டி.சி.யில் ஸ்டியரிங் வலப்பக்கம் மட்டும்தான். நமக்கு அது வசதி. வாங்கியவர்கள் வசதிக்காரர்கள். 1950களில் கார் இறக்குமதிக்கான கதவு ஏறக்குறைய மூடப்பட்டதும், வந்தவை மட்டும் இங்கேயே தங்கிவிட்டன. சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்த தலைமுறைக்கு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் சத்தம் நினைவிருக்கும். பிறகு அவற்றில் பல, கொட்டகைகளின் மூலையில் கோழி அடையும் இடமாகிப் போயின.

அவற்றைத்தான் இப்போது சிலர் வெளியே இழுக்கிறார்கள். மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸைக் கூலி கொடுத்துப் பளபளக்க வைப்பவர்கள் வேறு ரகம். இங்கே பேசுவது, ஞாயிற்றுக்கிழமையில் கையில் கிரீஸோடு காரின் அடியில் படுத்திருப்பவர்களைப் பற்றி. அவர்களுக்குத் தைரியம் தருகிற விஷயம் ஒன்று உண்டு. பார்க்க அந்நியமாகத் தெரிகிற இந்தக் கார், உண்மையில் நம் வீட்டுப் பிள்ளை.

கேளுங்கள். டி.சி.யின் எஞ்சின் மாரிஸ் டென் என்ற குடும்பக் காரின் எஞ்சினிலிருந்து வந்தது. அதே மாரிஸ் டென்தான் 1940களின் இறுதியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் ஹிந்துஸ்தான் 10 ஆக இந்தியாவில் ஓடியது. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. காரில் இருந்தது பி சீரிஸ் எனப்படும் 1489 சி.சி. எஞ்சின். அந்த வம்சத்தைச் சேர்ந்த 1489 சி.சி. எஞ்சின்தான் நம் அம்பாசிடரை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கலெக்டர் வந்திறங்கிய காரும் லண்டன் வாலிபன் காதலியோடு கடற்கரைக்குப் போன காரும் பங்காளிகள். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த ஹெரால்டு நினைவிருக்கிறதா? அந்த டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் கட்டப்பட்டதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டின் உருவத்தையும் வரைந்தவர் ஒரே இத்தாலியர், ஜொவான்னி மிக்கெலொட்டி. ஹெரால்டின் முன்சக்கரத்தை ஒரு முறை கழற்றி மாட்டிய மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயர் புதிதாக எதையும் காட்டிவிடப் போவதில்லை.

இந்த வேலைக்குப் புனே ஏன் தோதான ஊர் என்பதும் இதில்தான் இருக்கிறது. 1946இல் கட்கியில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ், 1960களில் ஆகுர்டியில் பஜாஜ், முண்ட்வாவில் பாரத் ஃபோர்ஜ், பிம்ப்ரியில் அன்றைய டெல்கோ என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்க போசரியிலும் சுற்றுவட்டாரத்திலும் லேத் பட்டறைகள் முளைத்தன. ஒரே ஒரு புஷ் வேண்டும், ஒரே ஒரு பின் வேண்டும் என்று போய் நின்றால், அலுத்துக்கொண்டாவது கடைந்து கொடுக்கும் கைகள் அங்கே உண்டு. வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனமும் இந்த ஊரில்தான். ராணுவத் தொழிற்சாலைகள் இருக்கும் கட்கியில் நடந்தால் தமிழ் காதில் விழும்; பல தலைமுறைகளாக அங்கே குடியிருக்கும் தமிழர்கள் ஏராளம்.

பிறகு ஜூனா பஜார். மராத்தியில் ஜூனா என்றால் பழைய. மங்கள்வார் பேட்டைப் பக்கம், சாலையோரத்தில் பரப்பிவைக்கும் பழைய சாமான் சந்தை. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையின் பெயர் கொண்ட இந்தப் பேட்டையில் சந்தை கூடுவதோ ஞாயிறும் புதனும். துருப்பிடித்த ஸ்பேனர் குவியலில் விட்வொர்த் அளவு ஸ்பேனர் ஒன்று அகப்பட்டால், தேடியவருக்கு அன்று தீபாவளி.

ஏன் அவ்வளவு சந்தோஷம்? டி.சி. எஞ்சினின் போல்ட்டுகள் ஒரு விசித்திரம். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் துப்பாக்கி ஆலை போட்டது. போருக்குப் பின் அங்கே மாரிஸுக்கு எஞ்சின் செய்தார்கள். 1923இல் மாரிஸ் அந்த ஆலையையே வாங்கிக்கொண்டார். அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் மில்லிமீட்டர் மரை வெட்டுபவை. ஊரில் உள்ள ஒர்க்‌ஷாப்காரர்களிடம் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். என்ன செய்தார்கள் தெரியுமா? மரையை மில்லிமீட்டரிலும் போல்ட்டின் தலையை விட்வொர்த் அளவிலும் செய்துவிட்டார்கள்! அந்த வழக்கம் டி.சி. வரை தொடர்ந்தது. எஞ்சினைத் தாண்டி அடிச்சட்டத்துக்கு வந்தால் மரையும் பிரிட்டிஷ் அளவுக்கு மாறிவிடும். விவரம் தெரியாமல் கடையில் 8 மி.மீ. போல்ட் வாங்கி எஞ்சினில் முறுக்கினால் வந்தது வினை. இன்றைய 8 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி வழக்கமாக 1.25 மி.மீ.; இந்த எஞ்சினுக்கு வேண்டியது 1 மி.மீ. இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் இறுகும், பலத்தைக் காட்டினால் எஞ்சினின் மரை போய்விடும். ஆகவே அனுபவசாலிகள் ஒரு பழைய போல்ட்டையும் குப்பையில் போடுவதில்லை. கழற்றும்போதே சின்னப் பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கிறார்கள். முதல் சில மாதங்களில் காரில் நடப்பதெல்லாம் கழற்றுவதும் எழுதுவதும்தான். வீட்டார் பொறுமை இழப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்த அதிர்ச்சி, உடம்பு. வெளியே இரும்புத் தகடு, உள்ளே மரச்சட்டம். ஆங்கிலேயர் போட்டது ஆஷ் என்ற மரம். வளைந்து கொடுக்கும், ஆணியைப் பிடித்துக்கொள்ளும். நம் மழையும் கரையானும் அதைச் சும்மா விடுமா? கதவைத் திறந்தால் கதவோடு தூளும் கொட்டும். இங்கிலாந்தில் புது மரச்சட்டம் இன்றும் செய்து விற்கிறார்கள். கப்பல் செலவும் சுங்க வரியும் கட்ட முடியாதவர், பவானி பேட்டை மரக்கடைகளில் தேக்கு வாங்கி, நிலைக்கதவு செய்யும் ஆசாரியிடம் போகிறார். தேக்கு கனம், ஆனால் கரையானிடம் தாக்குப்பிடிக்கும். பழைய சட்டத்தின் மிச்சத்தை மாதிரியாக வைத்து ஆசாரி செதுக்கும்போது, இது கார் வேலையா, தேர் வேலையா என்று சந்தேகம் வரும்.

மின்சாரம் இன்னொரு விளையாட்டு. நம் கார்களில் பேட்டரியின் நெகடிவ் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும், டி.சி.யில் பாசிடிவ் முனை. சக்கரமோ நடுவில் ஒற்றை நட்டால் பூட்டப்படுவது. இடப்பக்க நட்டுக்குச் சாதாரண மரை, வலப்பக்க நட்டுக்குத் தலைகீழ் மரை. அடித்துக் கழற்றுகிறேன் என்று தவறான பக்கம் சுத்தியலை வீசினால் இன்னும் இறுகும்.

பெட்ரோலிலும் நிம்மதியில்லை. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான். அந்த ஈயம் பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்துவந்தது. அதனால் ஹெட்டைத் திறந்தவுடன் கடினமான வால்வு சீட்டுகள் போட வேண்டியிருக்கிறது. 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் வளையங்களையும் எத்தனால் கெடுக்கும். ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். புனே மாவட்டத்துக் கரும்பு விவசாயிக்கு லாபம். அதே ஊர் எம்.ஜி.க்காரருக்குக் குழாய் மாற்றும் செலவு. விவசாயி பக்கம்தான் நியாயம் என்பேன். ஆனாலும் மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

இதெல்லாம் உழைப்பால் தீர்கிற பிரச்சினைகள். தீராத ஒன்று இருக்கிறது. இந்தியாவில் தப்பிப் பிழைத்த பழைய கார்களில் பல, பிறந்தபோது இருந்த எஞ்சினோடு இல்லை. 1960களிலும் எழுபதுகளிலும் பாகம் கிடைக்காமல் நின்றபோது, ஒரு மிஸ்திரி அம்பாசிடர் எஞ்சினையோ ஃபியட் எஞ்சினையோ உள்ளே பொருத்தி ஓடவைத்துவிட்டார். அவர் அதைச் செய்திருக்காவிட்டால் கார் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். இன்று வீட்டில் மீட்டெடுப்பவர் முதலில் கழற்றி எறிவது அந்த எஞ்சினைத்தான்.

மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிற எனக்கு இங்கே ஒரு சொல் இடறுகிறது. ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு ஒரே பெயர். தமிழில் புதுப்பித்தல் வேறு, மீட்டல் வேறு, திருப்பணி வேறு. கோயில் திருப்பணி என்று மணலை வீசியடித்துக் கல்வெட்டுகளை மழுங்கவைத்த கதையை நாம் அறிவோம். காரின் அடிச்சட்டத்திலும் அதே போல மணலை வீசித்தான் துருவை எடுக்கிறார்கள்; அழுத்தம் மிஞ்சினால் பொறித்த எண்ணும் தேய்ந்துபோகும். ஆலையிலிருந்து வந்தபோதுகூட இல்லாத பளபளப்பைக் கார் கண்காட்சிக்காக ஏற்றுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. தேய்ந்த சீட்டும் ஆசாரியின் உளி பட்ட தேக்கும் அந்தக் காரின் இந்திய வாழ்க்கை. எஞ்சினை மாற்றுவதானால் மாற்றட்டும். கழற்றியதை எடைக்குப் போடாமல், பழைய படங்களோடும் பில்களோடும் கொட்டகை மூலையில் வைத்திருக்கலாம்.

சட்டமும் இதில் மூக்கை நுழைத்துவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 வயதைத் தாண்டிய, அடிச்சட்டத்திலும் உடம்பிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்து வருடம் செல்லும். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், பழைய கார் பேரணிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். பெட்ரோல் போட மட்டும் போய்வரும் ஸ்போர்ட்ஸ் காரை என்னவென்று சொல்வது? ‘பெரிய மாற்றம்’ என்ற சொற்களும் உறுத்துகின்றன. மிஸ்திரியின் அம்பாசிடர் எஞ்சின் ஐம்பது வருடமாக அந்தக் காரில் இருந்தால், அது மாற்றமா, வரலாறா?

இப்படிப்பட்ட கார்கள் ஓடுவதற்குத்தான் என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2023இல் அகமதாபாத் குடும்பம் ஒன்று, ‘லால் பரி’ என்று பெயரிட்ட தங்கள் 1950ஆம் ஆண்டு எம்.ஜி. ஒய்.டி. காரில் இங்கிலாந்துக்குப் பயணம் போய், அது பிறந்த ஆபிங்டனில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆபிங்டன் ஆலை மூடி அப்போது 43 வருடமாகியிருந்தது.

புனேயில் இன்று குறைந்துவருவது கார்களைவிட, அவற்றை வைக்கும் இடமும் தொடும் கைகளும்தான். டெக்கான் ஜிம்கானா பக்கத்துப் பழைய பங்களாக்கள் அடுக்குமாடிகளாகின்றன. பங்களாவோடு கொட்டகையும் போகிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. கம்ப்யூட்டரைச் செருகிப் பழுது கண்டுபிடிக்கும் தலைமுறைக்கு டேப்பட் இடைவெளியை ஃபீலர் தகட்டால் அளக்கக் கற்றுக்கொடுக்க ஆளில்லை என்பதைவிட, கற்றுக்கொண்டு அவர்கள் என்ன சம்பாதிப்பார்கள் என்பதே கேள்வி.

கடைசிக் கட்ட வேலை ஒன்று, இதைப் புத்தகம் பார்த்து முழுதாகச் செய்ய முடியாது. டி.சி.யில் எஸ்.யூ. கார்பொரேட்டர்கள் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும்; இல்லாவிட்டால் எஞ்சின் இருமும். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் கார்பொரேட்டரின் வாயிலும் பிறகு இரண்டாவதின் வாயிலும் பிடித்து, ‘உஸ்’ என்ற சத்தத்தை ஒப்பிடுவார்கள். சத்தம் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று. பழைய அம்பாசிடரில் இருந்ததும் எஸ்.யூ.தான், ஒன்றே ஒன்று. அதைக் காதாலேயே சரிசெய்து பழகிய மிஸ்திரி யாராவது பக்கத்துத் தெருவில் இன்னும் இருந்தால், டீ வாங்கிக் கொடுத்துக் கூப்பிட்டு வருவது உத்தமம்.