துக்க வீட்டில் அண்ணனுக்கு ஓர் இடம்

குவாசா டாமன்சாரா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிச் சுற்றிப் பார்த்தால், அங்கே ஒரு காலத்தில் பால்மரம் நின்றது என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1920களிலிருந்து சோதனைத் தோட்டம் வைத்திருந்த நிலம் அது. அதில் ஏறத்தாழ 2,330 ஏக்கர் ஊழியர் சேமநிதி வாரியத்தின் கைக்குப் போய்ப் புதுநகரமாகிக்கொண்டிருக்கிறது. 'ஆர்.ஆர்.ஐ.' என்ற மூன்றெழுத்தைச் சுங்கை பூலோவின் தமிழ்ப்பள்ளி ஒன்று பெயரில் இன்னும் சுமக்கிறது. மரம் போன கதையையும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் போன கதையையும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். லயத்தோடு சேர்ந்து போன இன்னொன்றும் உண்டு. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைக்குச் சாவு வீட்டில் இருந்த இடம் அது.

லயத்தில் சாவு விழுந்தால் மறைக்க வழியே கிடையாது. நடுச்சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் எழும் ஒப்பாரி வரிசை முழுக்கக் கேட்கும். தப்புச் சத்தம் வந்ததும் ஓடும் பிள்ளைகளோடு அவனும் ஓடுவான். யாரும் அவனுக்கு எதையும் விளக்கிச் சொன்னதில்லை. ஆனால் அவன் எல்லாவற்றையும் பார்த்தான். குளிப்பாட்டியதைப் பார்த்தான், நெற்றியில் காசு ஒட்டியதை, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியதை, மூக்கில் பஞ்சு வைத்ததைப் பார்த்தான். கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. கூட்டத்தோடு நின்று வாய்க்கரிசி போட்டான். நாற்காலி தூக்கச் சொன்னார்கள், தூக்கினான். நேற்று வரை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்த பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் திண்ணையில் ஆள் இல்லை. எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று அதே வீட்டில் மறுபடி மறுபடி ஆள் கூடினார்கள். வார்த்தை பிடிபடாத ஒருவனுக்குச் சாவைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் எந்த நிபுணரிடமும் இல்லை.

அதற்காகப் பழையதைப் பொன்னாக்க வேண்டாம். அதே லயத்தில் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர்களை இங்கே எழுத முடியாது. வீட்டுக்குள் பூட்டிவைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். வீடு தோட்டத்தின் சொத்து. வேலை செய்தவர் போய்விட்டால் வீடும் போகும். அப்பாவையும் படுத்த பாயையும் பக்கத்து வீட்டு அக்காவையும் ஒரே மாதத்தில் இழந்தவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், பெற்றோரின் சாவைப் பார்க்கும் அளவுக்குப் பலர் வாழவே இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983இல், அதுவும் அமெரிக்காவில், 25 வயது. தோட்டத்து டிஸ்பென்சரியை நம்பியிருந்த பிள்ளையின் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். 'எனக்கு முன்னாடி இவன் போயிடணும், சாமி' என்று தாய்மார் வேண்டியது அந்தக் காலத்து வேண்டுதல். பெரும்பாலும் பலித்தும் விட்டது.

இன்று அந்த 25, அறுபதை நெருங்கியிருக்கிறது. பிறவி இருதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை வந்தது பெரிய காரணம். கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகமே 1992இல் வந்துவிட்டது. அதனால் இப்போது அம்மாவுக்கு எழுபத்தைந்து, பிள்ளைக்கு நாற்பத்தைந்து. இதுவரை 'அவன்' என்று எழுதிவிட்டேன், லயத்தில் அப்படித்தான். நாற்பத்தைந்து வயதுக்காரரை இனி 'அவர்' என்றே சொல்கிறேன். அம்மா போய் அவர் இருக்கப்போகிறார் என்பதுதான் இன்றைய நிலைமை. அதற்கு யாரும் தயாராக இல்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. திரெங்கானுவின் பத்து ராகிட்டில் 1984இல் சோதனையாகத் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையம், பிடிகே, இன்று நாடு முழுக்க ஐந்நூற்றுக்கும் மேல். 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டையில் கற்றல் குறைபாட்டுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உதவித்தொகைக்கும் பாரம் இருக்கிறது. ஆனால் அம்மா செத்துப்போன மறுநாள் அவரிடம் என்ன சொல்வது என்பதற்கு எந்தக் கவுண்டரிலும் பாரம் கிடையாது.

அந்த மறுநாள் இப்போது எப்படி இருக்கிறது? அம்மா ஆஸ்பத்திரியில் சாகிறார். உடலைத் தயார்செய்வது சவப்பெட்டிக்காரர். அடுக்குமாடி வீட்டு லிஃப்டில் பெட்டியை ஏற்றுவது பெரும்பாடு என்பதால், கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டு சில மணி நேரம் வைக்கிறார்கள். அந்த மகன், வீட்டுக்கு அண்ணன், கூட்டத்தில் சத்தம் போடுவார் என்று பயந்து, பத்தாவது மாடியில் போனைக் கையில் கொடுத்து உட்காரவைக்கிறார்கள். கிள்ளான் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. திரும்பி வந்தால் அம்மாவின் கட்டில் இல்லை, சேலை இல்லை. 'அம்மா ஊருக்குப் போயிருக்காங்க' என்கிறார்கள். ஊருக்குப் போனவர் திரும்பி வரத்தானே வேண்டும்? அவர் வாசலிலேயே நிற்கிறார்.

கோவிட் இதை உச்சிக்குக் கொண்டுபோனது. 2020இல் நாட்டின் முதன்மைக் கோவிட் மருத்துவமனையாக நின்றது இதே சுங்கை பூலோ மருத்துவமனைதான். ஆம்புலன்ஸ் வந்து அம்மாவை ஏற்றிப்போனது. உடல் வீட்டுக்கு வரவில்லை, முகம் பார்க்க முடியவில்லை. விவரம் தெரிந்தவர்களுக்கே மனம் ஒப்பாத சாவு அது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்ற நிலையில் வாழ்பவருக்கு, பார்க்க ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

எதையும் காட்டாமல் வைத்தால் துக்கம் வராமல் இருக்காது, தாமதமாக வரும். நாலைந்து மாதம் கழித்துச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவார், தம்பியை அடிப்பார், படுக்கையை நனைப்பார். 'அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, இப்ப என்ன?' என்று கிளினிக்குக் கூட்டிப்போவார்கள், மாத்திரை கூடும். இது நம் வீட்டு வழக்கம் மட்டுமல்ல. ஷீலா ஹாலின்ஸ், எஸ்தர்ஹைசன் இருவரும் 1997இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரை இழந்த கற்றல் குறைபாடு உள்ள 50 பேரை, இழக்காத 50 பேரோடு ஒப்பிட்டார்கள். இழந்தவர்களிடம் மனநலச் சிக்கல் தெளிவாகவே அதிகம். பார்த்துக்கொண்டவர்களோ அதைச் சாவோடு முடிச்சுப் போடவில்லை. அதற்கு முன்பே 1991இல் மொரீன் ஆஸ்வின் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'நான் அழலாமா?' என்பது அதன் தலைப்பு.

ஹாலின்ஸ் மனநல மருத்துவர். கற்றல் குறைபாடு உள்ள மகனின் தாயும்கூட. சொல்லே இல்லாமல் படங்களாலேயே அப்பாவின் சாவையும் அம்மாவின் சாவையும் காட்டும் இரண்டு புத்தகங்களை 1989இலேயே கொண்டுவந்தார். நல்ல யோசனை. அந்தப் படங்களில் நம் வாய்க்கரிசியும் இல்லை, நெய்ப்பந்தமும் இல்லை. ஆனால் அதை நாமே செய்துகொள்ளலாம். சாவு வீட்டில் இப்போது யார் கையில்தான் போன் இல்லை? அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில், அம்மா பெட்டிக்குள், அண்ணன் அரிசி போடுவது, சாம்பல் கரைப்பது என்று எட்டுப் படத்தைக் கழுவி ஆல்பமாகக் கையில் கொடுத்தால் போதும். 'அம்மா எங்க?' என்று கேட்கும்போதெல்லாம் புரட்டிக் காட்டலாம். நாற்பது தடவை கேட்பார். 'அம்மா செத்துட்டாங்க. உடம்பு நின்னுபோச்சு. திரும்பி வரமாட்டாங்க. நான் இங்கதான் இருக்கேன்' என்று நாற்பது தடவையும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கதை சொன்னால்தான் அவர் தவிப்பார்.

முடிந்தால் சாவுக்கு முன்பே தொடங்க வேண்டும். அம்மாவின் நோயைக் கண்ணில் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒருநாளாவது கூட்டிப்போக வேண்டும். அடுத்து எந்த வீட்டில் இருக்கப்போகிறாரோ அங்கே மாதத்தில் இரண்டு இரவாவது தூங்கிப் பழகட்டும். அம்மாவின் சாரோங் ஒன்று, குடித்த மங்கு ஒன்று, இரண்டையும் தூக்கிப்போடாமல் அவர் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாகக் கொள்ளி விஷயம். மூத்த மகன் யார் என்று ஐயர் கேட்கிறார். எல்லாரும் தம்பியைக் கை காட்டுகிறார்கள். அண்ணன் பக்கத்திலேயே வேட்டி கட்டி நிற்பார். விறகு அடுக்கி எரித்த நாளில் நெருப்புக்குப் பயந்து அவரைத் தள்ளி நிறுத்தியதற்காவது ஒரு நியாயம் இருந்தது. இப்போது மின்சுடலையில் மகனை அழைத்துப் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். டிவி ரிமோட்டையும் லிஃப்ட் பொத்தானையும் தினம் அழுத்துகிறவர் அவர். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருமாக அழுத்தினால் எந்தச் சாஸ்திரம் தடுக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஐயரைக் கேட்டுப் பாருங்கள். முன்னாடியே சொல்லி வைத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். வீட்டில் உள்ள அத்தைமாரைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டம்.