திராட்சை வாடாதிருக்க

கொச்சி மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், புதிதாகக் குடிவந்த தமிழர் ஒருவர் பாயசத்துக்கென்று 'முந்திரி' கேட்டால், கடைக்காரர் ஒரு குலை திராட்சையை எடுத்துத் தராசில் இடக்கூடும். மலையாளத்தில் முந்திரி என்பது திராட்சையே. பழந்தமிழிலும் இதற்குக் கொடிமுந்திரி என்னும் பெயர் உண்டு. போர்ச்சுகீசியர் கொணர்ந்த கொட்டைக்கு அப்பெயரை நாம் ஈந்துவிட்டோம். பழத்துக்கு வடசொல்லை வைத்துக்கொண்டோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய சொல்மாற்றங்களில் ஒரு தனி இன்பம் உண்டு. ஆனால் இன்று சொல்லவந்தது பெயரைப் பற்றியன்று. வாங்கிய பழம் வாடாமலும் அழுகாமலும் இருப்பது எங்ஙனம் என்பதைப் பற்றியே.

இங்கே நாம் காணும் கறுத்த பன்னீர்த் திராட்சை தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் விளைவு. 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிற இடங்களில் பருவம் பார்த்தே திராட்சை அறுப்பர். கம்பத்திலோ ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். இதில் ஒரு வியப்பும் உண்டு. மேற்கே ஓடிக் கொச்சிக்கருகே கடலைச் சேரும் பெரியாற்று நீரின் ஒரு பகுதியை, 1895இல் முடிந்த முல்லைப்பெரியாற்று அணை கிழக்கே திருப்பிக் கம்பம் பள்ளத்தாக்குக்கு அனுப்புகிறது. அப்பள்ளத்தாக்கின் கனி குமுளி மலைப்பாதை ஏறி, பீருமேடு, கோட்டயம் வழியாக மீண்டும் மேற்குக்கரை வந்து சேருகிறது.

இந்தப் பயணத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. வளைந்து வளைந்து இறங்கும் வண்டியின் குலுக்கலில் மணிகள் காம்பை விட்டுக் கழலுகின்றன. சில நசுங்கிச் சாறு கசிகிறது. கசிந்த சாறு பூஞ்சைக்கு விருந்து. தள்ளுவண்டியில் விற்கும் சிறு வியாபாரி காலையில் வாங்கிய பெட்டியில் உதிர்ந்ததையும் அழுகியதையும் கழித்தால், அன்றைய கூலியே அதில் கரைந்துவிடும். அந்த நட்டத்தை அவர் நம்மிடம் விலையாகக் கேட்பார். அல்லது தோட்டக்காரரிடம் விலையைக் குறைப்பார். ஆகவே, திராட்சை இரண்டு நாள் கூடுதலாக நிற்பது எத்தனையோ பேர் பிழைப்பைத் தொட்ட செய்தி.

கொடியினின்று அறுத்த பின்னும் கனி உயிருள்ள பொருளே. அது சுவாசிக்கிறது, தன்னிடமுள்ள சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் செலவிடுகிறது. மாவையும் வாழையையும் காயாகப் பறித்து வீட்டிலே பழுக்கவைக்கலாம். திராட்சை அவ்வாறு பழுப்பதில்லை. புளிப்பாக அறுத்த குலை எத்தனை நாள் வைத்தாலும் இனிக்காது. எனவே திராட்சையைச் சேமிப்பதென்றால், அறுத்த நாளின் நிலையை நீட்டித்தல் என்பதே பொருள்.

முதலில் வாடுவது மணியன்று, காம்பு. மெல்லிய காம்பின் வழியே நீர் விரைவாக ஆவியாகிறது. குலையின் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறைந்தாலே காம்பு பழுப்பேறிவிடும். ஐந்து பங்கு போனால் மணியும் சுருங்கத் தொடங்கும். கடையில் பழத்தைத் தேர்பவர் மணியின் பளபளப்பைப் பாராமல் காம்பின் பசுமையைப் பார்ப்பாராயின் ஏமாறமாட்டார்.

இதற்கு மருந்து குளிர். அதையும் காலந்தாழ்த்தாமல் தரவேண்டும். விடியற்காலையில் அறுத்து, வெயில் ஏறுமுன் நிழலுக்குக் கொண்டுபோய், சில மணி நேரத்துக்குள் குளிர்காற்றைச் செலுத்திப் பழத்தின் உட்சூட்டை இறக்கிவிடுதல் முதற்படி. பின்னர் ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸ் குளிரிலும், நூற்றுக்கு 90 முதல் 95 வரையிலான ஈரப்பதத்திலும் வைக்கவேண்டும். பழத்தில் சர்க்கரை மிகுதியாதலால் அந்தக் குளிரில் அது உறைவதில்லை. கொச்சியில் இறாலை உறையவைக்கும் பெரிய அறைகளைப் பார்த்தவர்கள் அதே குளிர் திராட்சைக்கும் ஆகுமென்று எண்ணலாகாது. இறாலுக்கு வேண்டியது சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி. அந்தக் குளிரில் வைத்த திராட்சை வெளியே எடுத்ததும் குழைந்துபோகும்.

குளிர் மட்டும் போதுமா எனின், போதாது. அறை வெப்பத்தில் தோன்றும் கரும்பூஞ்சை குளிரில் அடங்கிவிடும். ஆனால் பொட்ரைட்டிஸ் என்னும் சாம்பற்பூஞ்சை சுழிய வெப்பத்துக்கருகிலும் மெல்ல வளரும்; ஒரு மணியிற் பற்றினால் அடுத்த மணிக்குத் தாவும். இதை அடக்கும் வழியை 1920களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து விங்க்லரும் ஜேக்கப்பும் ஆராய்ந்து வகுத்தனர்: கந்தக டை ஆக்சைடு என்னும் வாயுவால் பழத்துக்குப் புகையூட்டுதல். இப்போது அறை முழுவதும் புகையிடாமல், சோடியம் மெட்டாபைசல்பைட்டு அடங்கிய காகிதத் தாளொன்றைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் ஈரமே அதைக் கரைத்து வாயுவை வெளிப்படுத்தும். தாளின் ஒரு பகுதி விரைந்தும், மற்றொரு பகுதி வாரக்கணக்கில் மெதுவாகவும் வேலை செய்யும். மகாராஷ்டிரத்துத் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் 1991இல் மகாகிரேப்ஸ் என்னும் அமைப்பாகக் கூடி, ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியது இம்முறையின் துணைகொண்டுதான். வாயு மிகுந்தால் காம்படியில் மணி வெளுத்துப்போகும். ஆஸ்துமா உள்ளவர்க்கு அதன் எச்சம் கேடு. ஆதலால் பத்து இலட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் எச்சம் இருக்கக்கூடாதென்று பல நாடுகள் விதித்துள்ளன. இது தொழிற்கூடத்துக்குரிய முறை. வீட்டில் எவரும் முயலவேண்டா.

இயந்திரக் குளிர் வருமுன்னரும் மக்கள் வாளாவிருக்கவில்லை. காபூலிலிருந்து வட இந்தியாவுக்கு வந்த திராட்சை, வட்டமான மரப்பெட்டிகளில் பஞ்சிடையே பொதிந்து வந்தது. ஆப்கானிஸ்தானத்தின் சிற்றூர்களில் இன்னொரு முறை இன்றும் உண்டு. களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து இரண்டு சட்டிகள் செய்து வெயிலில் காயவைத்து, தடித்த தோலுள்ள பருவக்கடைசித் திராட்சையை உள்ளே வைத்து, விளிம்பை ஈரமண்ணால் பூசிவிடுவார்கள். காங்கினா என்று அதற்குப் பெயர். மண்சுவர் காற்றைக் குறைத்து ஈரத்தைக் காப்பதால், அந்நாட்டுக் குளிர்காலத்தில் பழம் சில திங்கள் கெடாமல் நிற்கிறது. நம் பன்னீர்த் திராட்சையின் தோலும் நம் கடற்கரை வெப்பமும் இதற்கு இசையா.

இனி வீட்டுக்கு வருவோம். வாங்கி வந்ததும் கழுவிவைப்பதே நம் பெண்டிரும் ஆடவரும் செய்யும் பெரும்பிழை. மணியின்மேல் வெண்மையாகப் படிந்திருப்பதை மருந்தென்று அஞ்சித் தேய்த்து எடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பழத்தின் இயற்கையான மெழுகு. நீர் போகாமல் காக்கும் கவசம். மருந்தின் எச்சத்தை நீக்கவும் கழுவத்தான் வேண்டும்; ஆனால் உண்ணும் வேளையில், உண்ணும் அளவை மட்டும். வைக்குமுன் வெடித்த மணிகளைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, துளையிட்ட உறையில் தளர்வாக இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். வெங்காயத்தை அருகே வைக்கலாகாது. திராட்சை மணத்தை ஈர்த்துக்கொள்ளும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்க்குத் தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் ஒரு வழி காட்டியுள்ளது. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே மணல் நிரப்பி, அம்மணலை நாள்தோறும் நனைத்துவந்தால், நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். தில்லி, நாகபுரி போன்ற வறண்ட கோடையுள்ள ஊர்களில் வாழும் நம்மவர்க்கு இது மிகவும் உகந்தது. மட்டாஞ்சேரியில் இது பலிப்பதில்லை. காற்றே நீர் சுமந்து நிற்கும் இடத்தில் மணலின் நீர் எங்கே போய் ஆவியாகும்? இவ்வூரில் பெட்டியில்லாத குடும்பத்தினர் அன்றைக்கு வேண்டிய அரைக் கிலோவை மட்டும் வாங்கி, காற்றோட்டமான மூங்கில் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிவைத்து, உதிர்ந்த மணிகளை முதலில் உண்டு, குலையில் நிற்பவற்றை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.